சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர்: விமானமா, ரயிலா, பேருந்தா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் 297 கிலோமீட்டர். டிக்கெட்டில் பயண நேரம் 1 மணி 5 நிமிடம், 1 மணி 10 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று தேடுகிறவருக்கு முதலில் கிடைக்கும் பதில் இதுதான். அதில் தப்பில்லை. ஆனால் சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டிய நேரத்தையும், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அக்கா வீட்டு அழைப்பு மணியை அடித்த நேரத்தையும் நான் போனில் குறித்து வைத்த நாட்களில், விமானப் பயணம் ஒரு தடவைகூட நாலு மணி நேரத்துக்குள் முடிந்ததில்லை. அம்மா கூட வந்தால் ஐந்தைத் தாண்டிவிடும்.

அக்கா கல்யாணமாகி கோலாலம்பூர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. எனக்கு வேலை சிங்கப்பூரில். அம்மா வருஷத்துக்கு ஒரு முறை தஞ்சாவூரிலிருந்து வந்து இரண்டு வீட்டிலும் மாறி மாறி இருப்பார். அதனால் இந்த வழியில் விமானம், பேருந்து, கார், இப்போது ரயில் என்று எல்லாவற்றிலும் போய்ப் பார்த்தாகிவிட்டது. “எதில் போனால் நல்லது?” என்று யாராவது கேட்டால் நான் திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். சிங்கப்பூரில் உங்கள் வீடு எந்தப் பக்கம்? அங்கே போகிற இடம் எது? கூட வருவது யார்? இந்த மூன்றும் தெரியாமல் பதில் சொல்ல முடியாது. மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

297 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

விமானத்தின் கணக்கை முதலில் பார்ப்போம். ஜெட் விமானம் நல்ல உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டருக்குக் குறையாமல் பறக்கும். அந்த வேகத்தில் 297 கிலோமீட்டருக்கு 22 நிமிடம் போதும். ஆனால் இவ்வளவு குறுகிய தூரத்தில் அந்த வேகத்தைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நிலையாகப் பறப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். பாதி நேரம் ஏறுகிறது, மீதி நேரம் இறங்குகிறது. சீட் பெல்ட் விளக்கு அணைந்து, பணியாளர்கள் தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் மறுபடி விளக்கு எரியும்.

நேர்கோட்டிலும் போவதில்லை. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதை எதிர்த்துத்தான் விமானம் எழும்பும். சாங்கியில் தெற்குப் பக்கமாகக் கிளம்புகிற நாளில், வடமேற்கில் இருக்கும் கோலாலம்பூருக்குத் திரும்ப ஒரு பெரிய வளைவு போட வேண்டும். கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கும் செப்பாங்கில் இறங்கும்போது முன்னால் வரும் விமானங்களோடு வரிசையில் சேர இன்னொரு வளைவு. காற்றில் இருக்கும் நேரம் எல்லாம் சேர்ந்து முக்கால் மணி போல வரும். டிக்கெட்டில் மீதி இருக்கும் நேரம் தரையில் ஓடுவதற்கு. நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அந்தப் பக்கம் நிறுத்துமிடத்தில் போய் நிற்கும்வரை எல்லாமே பயண நேரத்தில்தான் சேரும்.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. ஃபயர்ஃபிளை நிறுவனம் 2019-இல் தன் சிங்கப்பூர் சேவையைச் சாங்கியிலிருந்து சிங்கப்பூரின் இன்னொரு விமான நிலையமான செலேத்தருக்கு மாற்றியது. கோலாலம்பூரின் இன்னொரு விமான நிலையமான சுபாங்கிலிருந்து வருவது உந்துசுழலி உள்ள ஏடிஆர் விமானம். ஜெட்டைவிட வேகம் நிறையவே குறைவு. ஆனால் டிக்கெட்டில் பார்த்தால் ஜெட்டுக்குப் போடும் நேரத்துக்கும் அதற்குப் போடும் நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. நான் ஒருமுறை அதில் போயிருக்கிறேன். செலேத்தர் எங்கள் ஈசூனுக்குப் பக்கம், நிலையம் சிறியது, வரிசை குறைவு. சுபாங்கும் செப்பாங்கைப் போல நகரத்துக்கு வெளியே தூரத்தில் இல்லை. வேகம் குறைந்த விமானத்தில் போய், வீடு போய்ச் சேர்ந்தது சீக்கிரம். உங்கள் தேதியில் செலேத்தர் விமானம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வடக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு அதைவிட வசதியான விமானம் இல்லை.

இரண்டு நகரத்துக்கும் கடிகாரம் ஒன்றுதான். 1982-இல் தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரை மணி முன்னால் நகர்த்தியது, சிங்கப்பூரும் கூடவே நகர்ந்தது. அதனால் சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தை அப்படியே கழித்துக்கொள்ளலாம்.

விமானங்களின் எண்ணிக்கைக்கும் குறைவில்லை. உலகத்திலேயே அதிக விமானங்கள் பறக்கும் சர்வதேச வழி இதுதான் என்று 2018-இல் கணக்கு வந்தது. ஓராண்டில் 30,000-க்கும் மேல், அதாவது நாளுக்குச் சராசரியாக எண்பதுக்கும் அதிகம். 2008 பிப்ரவரிக்கு முன்னால் இந்த வழி பெரும்பாலும் இரண்டு நாட்டுத் தேசிய விமான நிறுவனங்களின் கையில்தான் இருந்தது. அப்புறம்தான் மலிவு விமானங்களுக்குத் திறந்துவிட்டார்கள், கட்டணமும் இறங்கியது. இன்றைக்கு ஒரு விமானத்தை விட்டாலும் அடுத்தது வெகுநேரம் கழித்து வராது. இது சின்ன வசதி இல்லை.

கதவிலிருந்து கதவு வரை

போன டிசம்பரில் அம்மாவோடு விமானத்தில் போனதை அப்படியே சொல்கிறேன். வீட்டிலிருந்து சாங்கிக்கு டாக்சியில் அரை மணி. பெட்டியை ஒப்படைத்து, குடிநுழைவு முடித்து, விமானம் ஏறும்வரை ஒன்றே முக்கால் மணி. சாங்கியின் முதல் மூன்று முனையங்களிலும் பாதுகாப்புச் சோதனை ஏறும் வாசலிலேயே நடக்கும். உட்கார்ந்து ஆசுவாசப்படுத்திக்கொண்ட அம்மா மறுபடி எழுந்து, கைப்பையைத் தட்டில் வைத்து, வளையலைக் காட்ட வேண்டியிருந்தது. விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம். அந்தப் பக்கம் இறங்கி, துணை முனையத்திலிருந்து முதன்மைக் கட்டடத்துக்கு ஏரோட்ரெயின், குடிநுழைவு, பெட்டி எல்லாம் சேர்ந்து ஐம்பது நிமிடம். இந்த ஏரோட்ரெயின் 2023 மார்ச்சில் நின்று, 2025 ஜூலையில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. நடுவில் பேருந்தில் ஏற்றி இறக்கினார்கள், அது இன்னும் சிரமம்.

அப்புறம் நகரத்துக்குப் போக வேண்டும். கோலாலம்பூர் விமான நிலையம் 1998-இல் செப்பாங்கில் திறந்தது. கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு முதல் முனையத்திலிருந்து நகரத்தின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு 57 கிலோமீட்டர், 28 நிமிடம், ஒருவருக்கு 55 ரிங்கிட். இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடம். நாங்கள் இரண்டு பேருமாக 110 ரிங்கிட் கொடுத்தோம். மூன்று பேர் என்றால் டாக்சியே மலிவு, ஆனால் மாலை நெரிசலில் மாட்டினால் ஒன்றரை மணி ஆகும். கேஎல் சென்ட்ரலிலிருந்து அக்கா வீடு நடக்கிற தூரம். எல்லாம் கூட்டினால் ஐந்து மணி இருபது நிமிடம். 297 கிலோமீட்டரை அதால் வகுத்தால் மணிக்கு 56 கிலோமீட்டர்கூட வரவில்லை.

தனியாகத் தோள்பையோடு போனால் இதில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சம். பெட்டி ஒப்படைக்கும் வேலை இல்லை, தானியங்கி வழியில் குடிநுழைவு இரண்டு நிமிடம். அலுவலக வேலையாகப் போய் அன்று இரவே திரும்ப வேண்டும் என்றால் விமானத்துக்கு மாற்றே கிடையாது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்த நாளில் நான் கவனித்தது மணி நேரத்தை இல்லை. அம்மா எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தார் என்பதை. டாக்சி, பெட்டி ஒப்படைக்கும் இடம், குடிநுழைவு, வாசலில் சோதனை, விமானம், ஏரோட்ரெயின், மறுபடி குடிநுழைவு, பெட்டி வரும் பட்டை, எக்ஸ்பிரஸ் ரயில், கேஎல் சென்ட்ரலில் மின்படி. ஐந்தேகால் மணி நேரம் பத்துத் துண்டாகப் போயிற்று. எதிலும் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் காலை நீட்டவில்லை. அவருக்கு வலது முழங்கால் வலி. அக்கா வீட்டு சோஃபாவில் உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து எந்த வழியைப் பற்றி யோசித்தாலும் மணியோடு சேர்த்து இந்த எண்ணிக்கையையும் போட்டுக்கொள்கிறேன்.

விமானத்தின் பக்கம் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். ஆள் வந்து தள்ளிக்கொண்டு போய், குடிநுழைவில் தனி வழியாக விட்டு, விமான வாசல் வரை கொண்டுபோய் விடுவார். நிஜமாகவே நடக்க முடியாதவர்களோடு போகிறீர்கள் என்றால் வேறு எதையும் யோசிக்காதீர்கள், விமானத்தில் போங்கள். எல்லையில் இவ்வளவு உதவி மற்ற வழிகளில் கிடைக்காது. அம்மா நடக்கக்கூடியவர், நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த விருப்பத்துக்கு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும்.

பேருந்து

பேருந்தைப் பழகியவர்கள் இன்னும் அதைத்தான் எடுக்கிறார்கள். காரணம் விலை. நான் கடைசியாகப் போனபோது ஒரு வழிக்கு முப்பது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சற்று மேல். முன்பெல்லாம் பீச் ரோடு கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் வாசலில்தான் பாதி மலேசியப் பேருந்துகள் நிற்கும். 2023-இல் அந்தக் கட்டடத்தைப் புதுப்பிக்க மூடினார்கள். இப்போது நிறுவனத்துக்கு ஓர் இடம் என்று பிரிந்து நிற்கின்றன. டிக்கெட் எடுக்கும்போது ஏறும் இடத்தை இரண்டு முறை பாருங்கள்.

சாலைத் தூரம் சுமார் 350 கிலோமீட்டர். நெரிசல் இல்லாத நாளில் ஐந்தரை மணி. கோலாலம்பூரில் பெரும்பாலான பேருந்துகள் பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்தில் விடும். அங்கிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு ரயில் உண்டு, கால் மணிதான். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை அருமையான சாலை. யோங் பெங்கிலோ பாகோவிலோ நிறுத்துவார்கள், சூடாக ஒரு தே தாரிக் குடிக்கலாம். பேருந்து இருக்கைகளும் பல விமானங்களைவிட அகலம். எல்லையைத் தாண்டிய பிறகு உள்ள நாலு மணி நேரம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பிரச்சினை எல்லையில்தான். சிங்கப்பூரையும் ஜோகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் ஒரே ஒரு கிலோமீட்டர், 1924-இல் முறைப்படி திறந்தது. ஒரு நாளைக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் அதைக் கடக்கிறார்கள். உட்லண்ட்ஸில் எல்லோரும் இறங்கி, சிங்கப்பூர் குடிநுழைவு முடித்து, மறுபடி ஏற வேண்டும். அந்தப் பக்கம் ஜோகூர் பாருவில் சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் பெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கி, படியேறி, வரிசையில் நின்று, பெட்டியைச் சோதனையில் விட்டு, கீழே இறங்கி நம் பேருந்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

மூன்று வருஷம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்களை விட்டுவிட்டுப் பேருந்து போய்விட்டது. எனக்குத் தானியங்கி வழி, அம்மா வெளிநாட்டவர் வரிசையில். அவர் விரல் ரேகை சரியாகப் பதியவில்லை. அதிகாரி துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னார், மறுபடி வைக்கச் சொன்னார், நாலாவது தடவை பதிந்தது. வீட்டு வேலை செய்து தேய்ந்த விரல், அவர் என்ன செய்வார்? நாங்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு கீழே வந்தபோது எங்கள் நிறுத்தத்தில் வேறு பேருந்து நின்றது. நிறுவனத்துக்குப் போன் செய்தால் இருபது நிமிடம்தான் காத்திருப்போம், அடுத்த வண்டியில் இடம் இருந்தால் ஏறிக்கொள்ளுங்கள் என்றார்கள். அடுத்த வண்டியில் இடம் இல்லை. புகை நிறைந்த அந்தத் தளத்தில் அம்மா பெட்டி மேல் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கும். டாக்சி பிடித்து லார்கின் பேருந்து நிலையம் போய், வேறு டிக்கெட் எடுத்து, அக்கா வீட்டை அடைந்தபோது இரவு ஒரு மணி.

அதற்குப் பிறகு வயதானவர்களோடு நான் பேருந்தில் போவதில்லை. தனியாகவோ நண்பர்களோடோ போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். வார நாளில் காலை பத்து மணிக்கு மேல், அல்லது நள்ளிரவு வண்டி. வெள்ளி மாலை, பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாட்கள் எல்லாம் கூடவே கூடாது. ஜோகூர் மாநிலம் 2025 ஜனவரியிலிருந்து வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டது. முன்பு அவர்களுக்கு வெள்ளி, சனி. இப்போது இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாளில் விடுமுறை என்பதால் வார இறுதிக் கூட்டத்தில் அந்த வித்தியாசம் தெரிகிறது. ஜூரோங் பக்கம் இருப்பவர்கள் துவாஸ் இரண்டாம் இணைப்பு வழியாகப் போகும் பேருந்தைப் பாருங்கள். 1998-இல் திறந்த பாலம், அங்கே வரிசை பெரும்பாலும் குறைவு.

சொந்தக் கார் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாலு பேராகப் போனால் செலவு கட்டுப்படியாகும். சிங்கப்பூர் வண்டிக்கு மலேசியாவுக்குள் நுழைய விஇபி என்ற அனுமதி கட்டாயம், 2025 ஜூலையிலிருந்து இல்லாதவர்களுக்கு அபராதம் போடுகிறார்கள். எல்லையைத் தாண்டும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற சிங்கப்பூர் விதியும் உண்டு. காரில் இருந்தபடியே குடிநுழைவு முடிந்துவிடும், அம்மா எழுந்திருக்கவே வேண்டாம். அது பெரிய நிம்மதிதான். ஆனால் பாலத்தில் இரண்டு மணி, மூன்று மணி நேரம் நின்று கழிப்பறைக்குப் போக வழியில்லாமல் தவித்த அனுபவமும் எங்களுக்கு உண்டு.

ரயில்

இந்தக் கட்டுரையை எழுதவே காரணம் ரயில்தான். 2025 டிசம்பரில் இடிஎஸ் மின்சார ரயில் கேஎல் சென்ட்ரலிலிருந்து ஜோகூர் பாரு வரைக்கும் வந்துவிட்டது. கெமாஸிலிருந்து ஜோகூர் பாருவுக்குச் சுமார் 190 கிலோமீட்டர் தண்டவாளத்தை இரட்டைப் பாதையாக்கி மின்சாரம் கொடுத்து முடிக்கப் பல வருஷம் ஆயிற்று. முன்பெல்லாம் டீசல் வண்டியில் கெமாஸ் போய் அங்கே மாற வேண்டும், ஒரு நாளே போய்விடும். இப்போது ஜோகூர் பாரு சென்ட்ரலிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு நாலு மணி இருபது நிமிடம் போல, மாறாமல் போகலாம். மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போகும்.

சிங்கப்பூருக்குள் இடிஎஸ் ரயில் வராது. பழைய தஞ்சோங் பகார் நிலையத்தை 2011 ஜூன் 30-ஆம் தேதி மூடியதிலிருந்து மலேசிய ரயில் பாதை உட்லண்ட்ஸோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து ஜோகூர் பாருவுக்கு ஷட்டில் தெப்ராவ், ஐந்து நிமிடப் பயணம். இந்தப் பக்கமிருந்து 5 வெள்ளி, அந்தப் பக்கமிருந்து 5 ரிங்கிட். ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும் என்பதால் திரும்பி வருவது மிகவும் மலிவு.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது குடிநுழைவு நடக்கும் விதம். போகும்போது சிங்கப்பூர், மலேசியா இரண்டின் சோதனையும் உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடியிலேயே, ஒரே கட்டடத்தில், சில அடி தூரத்தில் முடிந்துவிடும். ஜோகூர் பாருவில் இறங்கினால் நேரே வெளியே போகலாம். அம்மாவின் விரல் ரேகைக்கு அன்றைக்கும் இரண்டு தடவை ஆயிற்று. ஆனால் நான் பக்கத்திலேயே நின்றேன், எல்லோரும் ஏறாமல் வண்டி கிளம்பிவிடுமோ என்ற பதற்றம் இல்லை.

பிப்ரவரியில் நாங்கள் போன கணக்கு இது. டாக்சி இருபது நிமிடம். உட்லண்ட்ஸில் முக்கால் மணி. ஷட்டில் ஐந்து நிமிடம். ஜோகூர் பாரு சென்ட்ரலில் ஒரு மணி நேரம் காத்திருப்பு, அங்கே ஒரு ரொட்டி சானாய், ஒரு காப்பி. ரயிலில் நாலு மணி இருபது நிமிடம். கேஎல் சென்ட்ரலிலிருந்து அக்கா வீட்டுக்குக் கால் மணி. மொத்தம் ஆறே முக்கால் மணி. விமானத்தைவிட ஒன்றரை மணி அதிகம்.

அந்த ஆறே முக்காலில் நாலு மணிக்கு மேல் ஒரே துண்டு. ரயில் குளுவாங் தாண்டுவதற்குள் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை இருக்கை மேல் மடித்து வைத்துக்கொண்டார். பையிலிருந்து எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்தன. ஜன்னலுக்கு வெளியே செம்பனைத் தோட்டம் வரிசை வரிசையாக ஓடிக்கொண்டே இருந்தது, நடுவில் அங்கங்கே ரப்பர் மரம். “இங்கதான் நம்ம ஆளுங்க பால் வெட்டினாங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அம்மாவின் தாத்தாவோடு பிறந்த ஒருவர் மலாயாவுக்குக் கப்பல் ஏறி, திரும்பி வராமலே போனவர். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியாது. செகாமட் வரும்வரை அம்மா ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. தம்பின், சிரம்பான் என்று பெயர்ப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். நடுவில் இரண்டு முறை எழுந்து பெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். முழங்கால் வலிக்காரர்களுக்கு இப்படி இஷ்டத்துக்கு எழுந்து நடக்க முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் புரியும். அன்று அவர் வேறு வழியில்லாமல் எழுந்து வரிசையில் நின்றது ஐந்து தடவைதான்.

இறங்கியதும் பிரிக்ஃபீல்ட்ஸ். அந்த வட்டாரமே ரயில்வேயோடு வளர்ந்தது. மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்களும் இலங்கைத் தமிழர்களும் குடியிருந்த இடம். அங்கே ரயிலில் போய் இறங்குவது எனக்குத் தனியாக ஒரு சந்தோஷம்.

குறையையும் சொல்கிறேன். ஷட்டில் தெப்ராவில் இடம் கிடைப்பதுதான் இந்த வழியின் கழுத்துப்பிடி. வார இறுதி டிக்கெட் வெகு முன்னாலேயே தீர்ந்துவிடும். ஷட்டில் டிக்கெட்டை முதலில் எடுங்கள், அது கிடைத்த பிறகு இடிஎஸ் டிக்கெட் எடுங்கள். மாற்றிச் செய்தால் கடற்பாலத்தைப் பேருந்தில் தாண்ட வேண்டி வரும், மேலே சொன்ன எல்லாச் சிரமமும் வந்து சேரும். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

இந்தச் சிக்கல் தீர வழி பிறந்திருக்கிறது. உட்லண்ட்ஸ் நார்த் எம்ஆர்டி நிலையத்திலிருந்து ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கு ஆர்டிஎஸ் ரயில் பாதை. 4 கிலோமீட்டர், ஐந்து நிமிடம், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை போகலாம். இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஏறும் இடத்திலேயே, போகும்போதும் வரும்போதும். 2026 இறுதிக்குள் திறப்பதாகத் திட்டம். ஓடத் தொடங்கிவிட்டால் ஷட்டிலுக்கு அலைய வேண்டியதில்லை.

அதிவேக ரயில் என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. ஜூரோங் ஈஸ்டிலிருந்து கோலாலம்பூருக்கு 350 கிலோமீட்டர், 90 நிமிடம் என்று 2016 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அது காலாவதியானது. மலேசியா சிங்கப்பூருக்கு 10 கோடி வெள்ளிக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. அது வந்திருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே வேலை இருந்திருக்காது. எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

யாருக்கு எது?

தெம்பனிஸ், பாசிர் ரிஸ், பிடோக் பக்கம் வீடு என்றால் சாங்கி கூப்பிடு தூரம், உட்லண்ட்ஸ்தான் தூரம். விமானமே நல்லது. போகிற இடம் புத்ராஜெயா, சைபர்ஜெயா, நீலாய் என்றாலும் விமானம். அவையெல்லாம் நகரத்தைவிட விமான நிலையத்துக்குத்தான் பக்கம். சிரம்பான் போகிறவர்களுக்கு ரயில், ஏனென்றால் அது அங்கேயே நிற்கும். மலாக்கா என்றால் பேருந்து, வேறு வழி பார்க்க வேண்டாம். பத்துமலைக்குப் போகிறவர்கள் எதில் போனாலும் கேஎல் சென்ட்ரல் போய்விட்டால் போதும், அங்கிருந்து கொம்யூட்டர் ரயில் கோயில் வாசலுக்கே போகும்.

செலவில் விமானம் எப்போதும் அதிகம் என்று சொல்ல முடியாது. மலிவு விமானத்தில் முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் பேருந்தைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் பெட்டிக்குத் தனிக் கட்டணம், சாங்கி டாக்சி, 55 ரிங்கிட் எக்ஸ்பிரஸ் ரயில் என்று ஓரங்களில் ஏறிவிடும். டிக்கெட் விலையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள்.

இந்திய பாஸ்போர்ட்டில் வரும் பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் அனுமதி தருகிறது, அதை 2026 இறுதிவரை நீட்டித்திருக்கிறார்கள். விசா இல்லை என்றாலும் மின்னியல் வருகை அட்டையை வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பியே ஆக வேண்டும். இரண்டாவது, அவர்களின் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை மட்டும் என்றால் கோலாலம்பூர் போன பிறகு சிங்கப்பூர் திரும்ப முடியாது. திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டையையும் அவர்களுக்காக மறுபடி நிரப்ப வேண்டும். இதை எந்த எல்லையிலும் கடைசி நிமிடத்தில் போனில் செய்ய வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த மாதம் அம்மா வருகிறார். இந்த முறை போகும்போது ரயில், திரும்பும்போது விமானம் என்று முடிவு செய்திருக்கிறோம். போவது வியாழக்கிழமை காலை, ஷட்டிலில் இடம் கிடைத்துவிட்டது. திரும்புவது ஞாயிறு மாலை. அந்த நேரத்தில் ஜோகூர் பாரு பக்கமே போகக் கூடாது, ஷட்டில் டிக்கெட்டும் இல்லை. மூன்று தடவை பேசி, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் சக்கர நாற்காலிக்கு அம்மாவைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். ரயிலில் இடது பக்க ஜன்னலா, வலது பக்க ஜன்னலா என்று நேற்று போனில் கேட்டார். போன தடவை வலது பக்கம் உட்கார்ந்தோம், அதனால் இந்தத் தடவை இடது பக்கம் எடுத்திருக்கிறேன்.